கோர்செயருக்கு வண்ணம் மாற்றினால் போதுமா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

காம்பேட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2 என்ற கணினி விளையாட்டில், இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கச் சண்டை விமானமான எஃப்4யு-1ஏ கோர்செயர் ஏற்கெனவே இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் கோர்செயர் 2 என்பதும் அதே விமானம்தான். சின்னத்தை மாற்றி ஒட்டிவிட்டால் வேலை முடிந்துவிடும். ஏன் முழு விமானத்தையும் முதலிலிருந்து செய்துகொண்டிருக்கிறீர்கள்? காத்திருந்து அலுத்துவிட்டது.

பிப்ரவரி 5

முடியாது. அது அதே விமானமும் இல்லை.

பிரிட்டிஷ் கடற்படைக்குப் போன கோர்செயர் 2-இன் இறக்கை நுனிகள் பக்கத்துக்கு 8 அங்குலம் வெட்டப்பட்டவை. இல்லஸ்ட்ரியஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலில் விமானங்களை நிறுத்தும் கீழ்த்தளக் கூடத்தின் உயரம் 16 அடி. கோர்செயரின் இறக்கைகள் மேல்நோக்கி மடிந்து விமானி அறைக்கு மேலே நிற்பவை. வெட்டாமல் மடித்தால் கூரையில் இடிக்கும். இடத்துக்காகச் செய்த அந்த வெட்டு, பறப்பிலும் மாற்றத்தைக் கொண்டுவந்தது. முழு இறக்கை கொண்ட கோர்செயர், கப்பல் தளத்துக்கு மேலே வந்த பிறகும் உட்காராமல் மிதந்து போகும் குணம் உடையது. நுனி குறைந்ததும் அந்த மிதப்பு குறைந்தது. விமானம் சட்டென்று கீழே அமர்ந்தது.

விளையாட்டோடு பெட்டியில் வந்த கோர்செயருக்கு வண்ணம் மட்டும் மாற்றினால், இறங்கும்போது அது அமெரிக்க விமானமாகத்தான் நடந்துகொள்ளும். விமானந்தாங்கிக் கப்பலின் விமானம் ஒன்றைச் செய்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் கடைசி இருபது விநாடி. வான்சண்டையில் எவ்வளவு வேகம், எத்தனை நிமிடத்தில் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அப்புறம். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உச்ச வேகத்தைக் கடைசி மைல்வரை சரிபார்த்துவிட்டு, கப்பலில் ஒருமுறைகூட இறக்கிப் பார்க்காமல் வெளியிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

பிப்ரவரி 5, இரவு

வண்ணம் தீட்டுகிறவர்களைக் குறைத்துச் சொல்வதாக ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. கிழக்குக் கடற்பகுதியில் பிரிட்டிஷார் வட்டச் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நினைத்துச் சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. பிரிட்டிஷ் பசிபிக் கடற்படை அமைந்தபோது சின்னத்துக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை வந்தது. எந்த மாதத்தில் எந்தக் கப்பலில் எந்தச் சின்னம் என்று தேடிச் சேர்ப்பது கடும் உழைப்பு. அந்த உழைப்பு ஒரு சரியான உடலின் மேல் விழ வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

பிப்ரவரி 9

அளவுகளை எங்கிருந்து எடுக்கிறேன் என்று கேட்டவருக்கு.

மேல், முன், பக்கம் என்று மூன்று பார்வையில் வரைந்த படங்கள் நிறையக் கிடைக்கின்றன. இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் வால் ஒத்துப்போகும், மூக்கு ஒத்துப்போகாது. அதனால் நான் வரைபடத்தை நம்பி, உருவம் செய்யும் மென்பொருளான ஜிமாக்ஸில் ஒரு கோடுகூடப் போடுவதில்லை. புகைப்படம்தான் முதல் சாட்சி. அளவுகோலாக எடுத்துக்கொள்வது புரொப்பல்லர். கோர்செயரின் மூன்று அலகுப் புரொப்பல்லர் 13 அடி 4 அங்குல விட்டம் உடையது. நேர் முன்னாலிருந்து எடுத்த படம் ஒன்று கிடைத்துவிட்டால், அந்த விட்டத்தை வைத்துச் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், இறக்கை வளையும் இடம் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம்.

அந்தப் புரொப்பல்லரில்தான் விமானத்தின் மொத்த உருவமும் தொடங்குகிறது. பிராட் அண்ட் விட்னி ஆர்-2800 எஞ்சினின் 2,000 குதிரைத்திறனை இழுக்க அவ்வளவு பெரிய புரொப்பல்லர் தேவைப்பட்டது. அது தரையில் இடிக்காமலிருக்கச் சக்கரக் கால்கள் நீளமாக வேண்டும். நீளமான கால், தளத்தில் மோதி இறங்கும் விமானத்துக்கு ஆகாது. இறக்கையைக் கீழே வளைத்து, அந்த வளைவின் அடியில் காலைப் பொருத்தினார்கள். கால் குட்டையானது. சிமுலேட்டரில் அந்த வளைவின் கோணம் கொஞ்சம் தப்பினாலும் கால் நீளம் தப்பும். கால் நீளம் தப்பினால் விமானம் நிற்கும் சாய்வு தப்பும். பிறகு விமானி அறையிலிருந்து தெரியும் காட்சியே பொய்யாகிவிடும்.

காட்சியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். 237 அமெரிக்க காலன் பிடிக்கும் எரிபொருள் தொட்டி எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே இருக்கிறது. அதற்கு இடம் கொடுக்க விமானி அறையைப் பின்னால் தள்ளினார்கள். மூக்குத் தூக்கிய நிலையில் இறங்கும் விமானிக்கு முன்னால் கப்பலே தெரியாது. எனவே இடதுபுறமாக வளைந்துகொண்டே வந்து, பக்கவாட்டில் தளத்தைப் பார்த்து, கடைசிக் கணத்தில் இறக்கைகளைச் சமன் செய்து இறங்கினார்கள். நான் செய்யும் விமானத்தில் நேராக வந்து இறங்க முயல்கிறவருக்கு மூக்கைத் தவிர வேறெதுவும் தெரியக் கூடாது. பார்வைப் புள்ளியைக் கொஞ்சம் உயர்த்தி வசதி செய்து தரச் சொல்கிறார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், செய்ய மாட்டேன்.

பிப்ரவரி 11

எஞ்சின் மூடியின் பின்விளிம்பில் காற்றுக்காகத் திறந்து மூடும் மடல்கள் உண்டல்லவா. மேல்பக்க மடல்கள் வழியே எண்ணெய் கசிந்து முன்கண்ணாடியில் படிந்ததால், அவற்றைத் திறக்காதபடி அடைத்துவிட்டார்கள். எனவே அசைவு கொடுக்கும்போது மேலே உள்ள மடல்களை விட்டுவிடுங்கள். எல்லா மடல்களும் பூப்போல விரியும் கோர்செயர் பார்க்க அழகுதான், ஆனால் கப்பலில் ஏறிய கோர்செயர் அப்படி இல்லை.

பிப்ரவரி 17

இன்று சக்கரக் கால். இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி.

விமானத்தின் அமைப்புக் கோப்பில் தொடுபுள்ளிகள் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு வரி. மையப் புள்ளியிலிருந்து அது எத்தனை அடி முன்னே, பக்கத்தில், கீழே இருக்கிறது என்று முதலில் வரும். பிறகு நிமிடத்துக்கு எத்தனை அடி வேகத்தில் கீழே மோதினால் கால் உடையும் என்ற எண். பெரும்பாலானோர் இதோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை வேறொரு விமானத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறார்கள். கோர்செயரின் குணம் முழுவதும் அந்த மிச்சத்தில்தான் இருக்கிறது: நின்ற நிலையில் கால் எவ்வளவு அமுங்குகிறது, அதிகபட்சம் அதைப்போல் எத்தனை மடங்கு அமுங்கும், அமுங்கிய கால் எவ்வளவு விரைவில் ஆட்டம் அடங்கி நிற்கும்.

அந்தக் கடைசி எண் பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் விமானம் துள்ளிக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு அருகில் இருந்தால் ஒரே அமுக்கில் அடங்கும். தொடக்ககாலக் கோர்செயர் துள்ளியது என்பது 1942 செப்டம்பரில் சங்கமோன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில் நடந்த சோதனையிலிருந்தே பதிவாகியிருக்கிறது. தளத்தில் மோதும், எழும்பும், வால் கொக்கி, விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிவடத்தைத் தாண்டிவிடும். பிறகு 1944-இல் காலின் உள்ளே வால்வையும் காற்றழுத்தத்தையும் மாற்றிச் சரிசெய்தார்கள். ஆக, எந்த மாதத்துக் கோர்செயரைச் செய்கிறோம் என்று முடிவு செய்யாமல் அந்த எண்ணைப் போடவே முடியாது.

நான் செய்வது 1944 ஜனவரி இறுதியில் திருகோணமலை வந்து சேர்ந்த இல்லஸ்ட்ரியஸ் கப்பலின் விமானம், 1830, 1833 ஆகிய ஸ்குவாட்ரன்களுடையது. கால் இன்னும் துள்ளுகிற காலம், ஆனால் வெட்டிய இறக்கை. இந்த இரண்டும் சேர்ந்த கலவையைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 18

எண்ணையே நேராகக் கொடுத்துவிடச் சொல்கிறார் மதுரை நண்பர். கொடுத்தால் உங்களுக்கு உதவாது தம்பி. உங்கள் விமானத்தின் எடை வேறு, மையப் புள்ளி வேறு. முறையைச் சொல்கிறேன். முதலில் ஓடுபாதையில் விமானத்தை ஏற்றிப் பாருங்கள். திரை வந்தவுடன் அது குதித்தால், நிற்கும் உயரமும் சாய்வும் கோப்பில் தவறாக இருக்கின்றன. அதைத் திருத்தும்வரை மற்ற எதையும் தொடாதீர்கள். குதிக்காமல் நின்ற பிறகு, விநாடிக்கு 10 அடி என்ற கணக்கில், அதாவது நிமிடத்துக்கு 600 அடி வேகத்தில் வேண்டுமென்றே கீழே போட்டுப் பாருங்கள். உடையக் கூடாது. துள்ளினால் எத்தனை துள்ளல், எவ்வளவு உயரம் என்று வெளியிலிருந்து பதிவு செய்து பார்த்துக்கொண்டே அடக்க எண்ணை மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே எண். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

பிப்ரவரி 24

கோர்செயர் மெதுவாகப் பறக்கும்போது இடது இறக்கை முதலில் சரியும். எச்சரிக்கை இல்லாமல் சரியும். தளத்துக்கு அருகில் அப்படி நடந்தால் விமானியின் கதை முடிந்தது. அதற்கு வந்த தீர்வு எளிமையானது: வலது இறக்கையின் முன்விளிம்பில், துப்பாக்கிகளுக்கு வெளிப்புறமாக, 6 அங்குல நீளத்தில் ஒரு சிறிய முக்கோணப் பட்டையை ஒட்டினார்கள். வலது இறக்கையும் சேர்ந்தே தூக்குவிசை இழந்தது. இரண்டும் ஒன்றாக இறங்கினால் விமானம் கவிழாது. ஒரு நல்ல இறக்கையைக் கெடுத்து விமானத்தை நல்லதாக்கிய அந்த யோசனையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

சிமுலேட்டருக்குள் இதைக் கொண்டுவருவதுதான் சிக்கல். பறப்புக் கோப்பில் தூக்குவிசைக்கு ஒரே ஒரு வளைகோடுதான். இடது இறக்கைக்குத் தனி, வலதுக்குத் தனி என்று கிடையாது. எனவே ஒருபக்கச் சரிவை நேரடியாக எழுத வழியில்லை. புரொப்பல்லரின் முறுக்குவிசையைக் கூட்டி, மெதுவான வேகத்தில் இடதுபுறம் இழுக்கும்படி செய்யலாம் என்று இப்போதைக்கு நினைக்கிறேன். இது முழு மனத்தோடு எடுத்த முடிவு இல்லை. மறுபடி வருகிறேன்.

மார்ச் 2

ஒரு கூற்றைத் திருத்தியாக வேண்டும். "அமெரிக்கர்கள் கோர்செயரைக் கப்பலுக்கு உதவாது என்று ஒதுக்கினார்கள், பிரிட்டிஷார்தான் இறக்கிக் காட்டினார்கள்" என்று இங்கே இருவர் எழுதியிருக்கிறார்கள். கேட்க இனிக்கும் கதை, பாதிதான் உண்மை.

அமெரிக்கக் கடற்படையின் விஎஃப்-17 ஸ்குவாட்ரன், டாம் பிளாக்பர்ன் தலைமையில், 1943-லேயே பங்கர் ஹில் கப்பலில் கோர்செயர்களை இறக்கிப் பயின்றது. அதைச் சாலமன் தீவுகளின் நிலத் தளத்துக்கு அனுப்பியதில் உதிரிபாகக் கணக்குக்கும் பங்குண்டு. மற்ற கப்பல்கள் எல்லாம் ஹெல்கேட் என்ற வேறு சண்டை விமானத்தை வைத்திருக்கும்போது ஒரு கப்பலுக்கு மட்டும் தனிப் பாகங்கள் சுமப்பது தொல்லை. அதே ஸ்குவாட்ரன் 1943 நவம்பர் 11 அன்று ஜப்பானியத் தளமான ரபாவுல் மீதான தாக்குதலின்போது நிலத்திலிருந்து கிளம்பி வந்து, கப்பல்களுக்குக் காவல் நின்று, கப்பல் தளத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. இறங்கவே முடியாத விமானமாக இருந்தால் இது எப்படி? 1944 ஜனவரியில் என்டர்பிரைஸ் கப்பலில் இரவுநேரக் கோர்செயர்களும் இருந்தன.

பிரிட்டிஷாருக்குச் சேர வேண்டிய பெருமையையும் மறுக்கக் கூடாது. பகல்நேரச் சண்டை விமானமாக, முழு ஸ்குவாட்ரன்களாக, ஒரு கப்பலின் அன்றாட வேலைக்கு அதை முதலில் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான். 1944 ஏப்ரல் 3 அன்று நார்வேயில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்கியபோது விக்டோரியஸ் கப்பலின் கோர்செயர்கள் காவலாகப் பறந்தன. வளைந்து வந்து இறங்கும் முறையைத் தனியாக ஒரு நாடு கண்டுபிடித்ததாகச் சொல்வதை மட்டும் விட்டுவிடுவோம். அந்த மூக்கின் பின்னால் உட்கார்ந்த எவருக்கும் அது தானாகவே வந்திருக்கும்.

மார்ச் 3

திருகோணமலைக்காரர் ஒருவர், "எங்கள் ஊர் துறைமுகத்திலிருந்து கிளம்பும் பணிகள் இந்தத் தொகுப்பில் உண்டா அண்ணா?" என்று கேட்டிருந்தார். உண்டு. அதற்காகத்தானே இல்லஸ்ட்ரியஸைத் தேர்ந்தெடுத்தேன்.

முதல் பணி சபாங். 1944 ஏப்ரல் 19 அன்று, சுமத்திராவின் வடமுனைக்கு அப்பால் உள்ள அந்தத் தீவின் துறைமுகத்தையும் எண்ணெய்த் தொட்டிகளையும் தாக்கினார்கள். இல்லஸ்ட்ரியஸிலிருந்து 17 பாராகூடா குண்டுவீச்சு விமானம், 13 கோர்செயர். கூடவே அமெரிக்காவின் சரடோகா கப்பல். சுட்டு வீழ்த்தப்பட்ட ஹெல்கேட் ஒன்றின் விமானியைக் கடலிலிருந்து மீட்டது பிரிட்டிஷ் நீர்மூழ்கி டாக்டிஷியன். அந்த மீட்பின்போது மேலே காவல் சுற்றுவதையும் ஒரு பணியாக வைக்கிறேன்.

இரண்டாவது, மே 17 அன்று ஜாவாத் தீவின் சுரபாயா துறைமுகத்தின் மேல் நடந்த தாக்குதல். பாராகூடாவின் எட்டும் தூரம் போதாது என்று அவற்றை இறக்கிவிட்டு, அவெஞ்சர் என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இல்லஸ்ட்ரியஸின் சண்டை விமானப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ரிச்சர்ட் கார்க். 1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்தவர், 1942-இல் மால்டாவுக்குச் சென்ற கப்பல் அணியைக் காத்தவர். 1944 ஏப்ரல் 14 அன்று திருகோணமலை அருகே சீனன்குடா ஓடுபாதையில் இறங்கும்போது, பாதையில் இருந்த இன்னொரு கோர்செயருடன் மோதி இறந்தார். சபாங்குக்கு ஐந்து நாள் முன்பு. நிலாவெளிச் சாலையில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவ்வளவு பறந்த ஒருவருக்கே நிலத்தில், தரையிறக்கத்தில் முடிவு வந்தது. கடைசி இருபது விநாடியை நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன் என்று கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். அந்த விபத்தைப் பணியாக ஆக்க மாட்டேன். யாரும் கேட்கவும் வேண்டாம்.

மார்ச் 4

யானை கோர்செயரை இழுக்கும் படம் உண்மையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். உண்மை. புத்தளத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு விமானத் தளம் இருந்தது, ராஜாலிய என்று பெயர். அங்கே யானையைக் கொண்டு கோர்செயரை இழுத்தார்கள். புத்தளம் ஓடுபாதையைச் செய்யும் நண்பர் யானையையும் ஒரு பொருளாகச் செய்துகொண்டிருக்கிறார். கால் அசைவு நன்றாக வந்திருக்கிறது.

மார்ச் 8

பிப்ரவரி 24 குறிப்புக்குத் திரும்புகிறேன்.

முறுக்குவிசையைக் கூட்டிப் பறந்து பார்த்தேன். மெதுவான வேகத்தில் இடதுபுறம் இழுப்பு வந்தது, சரி. ஆனால் வான்சண்டையில் ஒவ்வொரு முறை விசையைக் கூட்டும்போதும் விமானம் முரண்டு பிடித்தது. அது கோர்செயர் அல்ல. ஒரு குணத்தைப் பெறுவதற்காக இன்னொரு குணத்தைப் பொய்யாக்கக் கூடாது.

யோசித்துப் பார்த்தால், பட்டை ஒட்டிய விமானத்தில் ஒருபக்கச் சரிவு ஏற்கெனவே குறைந்துவிட்டது. மிச்சம் இருந்த உண்மையான ஆபத்து வேறு: இறக்கம் சரியில்லை என்று மறுபடி எழும்ப விசையை முழுதாகத் தள்ளும் கணம். 2,000 குதிரைத்திறன், அவ்வளவு பெரிய புரொப்பல்லர், குறைந்த வேகம். விமானம் இடதுபுறம் சுழன்று கடலுக்குப் போகும். அந்த ஒரு கணத்துக்குப் போதுமான அளவில் மட்டும் முறுக்குவிசையை வைத்திருக்கிறேன். விசைக் கைப்பிடியை மெல்லத் தள்ளி, வலது காலால் சுக்கானை மிதித்தால் தப்பிக்கலாம். அடித்துத் தள்ளினால் தப்ப முடியாது. ஜாய்ஸ்டிக் இல்லாமல் விசைப்பலகையில் பறப்பவர்களுக்கு இது கொடுமையாக இருக்கும் என்று தெரியும். அவர்களுக்காகத் தனிப் பறப்புக் கோப்பு ஒன்று தருகிறேன். ஆனால் தொகுப்பில் முதலில் திறப்பது கடினமானதுதான்.

மார்ச் 10

தளத்தின் ஓரத்தில் மட்டைகளைப் பிடித்துச் சைகை காட்டும் அதிகாரியைச் செய்ய முன்வந்த அக்காவுக்கு ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் சைகையும் அமெரிக்கச் சைகையும் நேர் எதிர். அமெரிக்க அதிகாரி மட்டையை உயர்த்தினால் "நீ உயரமாக இருக்கிறாய்" என்று பொருள். பிரிட்டிஷ் அதிகாரி உயர்த்தினால் "மேலே ஏறு" என்று கட்டளை. பின்னாளில் பிரிட்டிஷார் அமெரிக்க முறைக்கே மாறிவிட்டார்கள். சபாங் பணியில் இரண்டு நாட்டுக் கப்பல்களும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. இல்லஸ்ட்ரியஸின் உருவத்தை அப்படியே நகலெடுத்து சரடோகாவில் நிறுத்திவிடாதீர்கள் அக்கா.

மார்ச் 19

சேதக் கோப்பு முடிந்தது. இறக்கையில் ஆறு துப்பாக்கி, அவற்றின் இடம், குண்டுக் கணக்கு, உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெட்டி, எவ்வளவு அடி தாங்கும் என்ற எண். நுனி வெட்டியதால் இறக்கைப் பெட்டிகளின் ஓரத்தையும் உள்ளே இழுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இல்லாத இறக்கையில் குண்டு படும்.

மார்ச் 27

தொகுப்பை இன்று ஏற்றியிருக்கிறேன். இறக்கை மடிப்பு, கொக்கி, அடைத்த மடல்கள், இரண்டு பறப்புக் கோப்புகள், சபாங், சுரபாயா பணிகள் எல்லாம் உள்ளே. தளத்தில் இறங்கிப் பார்த்தவர்கள் எழுதும்போது எந்த வேகத்தில், எவ்வளவு எரிபொருளோடு வந்தீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். "துள்ளுகிறது" என்று மட்டும் எழுதினால் என்னால் எதையும் திருத்த முடியாது.

அடுத்து பாராகூடா. மெர்லின் 32 எஞ்சின், உயர்ந்த இறக்கை, அதன் பின்னால் தனியாகத் தொங்கும் யங்மன் ஃப்ளாப்கள். இறங்கும்போது தூக்குவிசை தருவதும், பாய்ந்து தாக்கும்போது வேகத்தைத் தடுப்பதும் அந்த ஒரே ஃப்ளாப்தான். நம் சிமுலேட்டரில் இரண்டும் தனித்தனிக் கட்டுப்பாடுகள். ஒரே உறுப்பை இரண்டு வேலைக்கும் அசைக்க யாராவது வழி கண்டிருந்தால் இங்கேயே எழுதுங்கள். முழு விமானம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதால் புகைப்படங்களைத்தான் நம்ப வேண்டும். ஃப்ளாப் திறந்த நிலையில் பக்கத்திலிருந்து எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் அதுவும் வேண்டும்.